கங்கைகொண்ட சோழன்

வீரம் என்பது யாது? பகைவர் நாட்டெல்லையைக் கடந்து சென்று வாகை சூடுதல் மட்டுமே வீரமாகுமா? அன்றி, வென்ற பின்னர்த் தன்னை அடக்கிக் கொள்ளுதலும் அதன் பாற்படுமா? இவ்வினாக்களை மனத்திற்கொண்டே முதலாம் இராஜேந்திர சோழனது வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவன் தலைநகராகக் கண்ட கங்கைகொண்ட சோழபுரம், முன்னர்ப் பெரம்பலூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 2007-ஆம் ஆண்டு முதல் அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அண்மையில் விளங்குகின்றது.

மதுராந்தகன் என்னும் இயற்பெயருடைய இவன், முதலாம் இராஜராஜனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாவான். இளமையிலேயே படை நடத்திப் பழகிய இவனை 1012-ஆம் ஆண்டில் தந்தை இளவரசனாக்கித் தன்னோடு ஆட்சியில் இருத்தினான். 1014-இல் அரசுரிமை முழுவதும் இவனைச் சார்ந்தது. 1017-ஆம் ஆண்டளவில் ஈழம் முற்றும் இவன் வசமாயிற்று. பின்னர் இவன் படைகள் வடக்கே கங்கைக்கரை வரை சென்று வங்கத்து மகிபாலனை வென்றன. 1025-ஆம் ஆண்டளவில் இவன் கப்பற்படை கடல் கடந்து, ஸ்ரீவிஜய நாட்டரசனாகிய சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்திக் கடாரத்தையும் கைக்கொண்டது. அக்காலத்தில் இந்திய மன்னர் பிறர் எவரும் இத்துணைத் தொலைவு கடற்படை செலுத்தியதாக யாம் அறியோம்.

ஆயினும், புகழ் கூறும் மெய்க்கீர்த்தியை மட்டும் கேட்டு நாம் தீர்ப்பளித்தல் நேர்மையாகாது. தார்வார்ப் பகுதியிலுள்ள ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டைச் சார்ந்த சாளுக்கியர் கல்வெட்டொன்று உளது. சோழர் படை அந்நாட்டைப் பாழாக்கிப் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றது என அது முறையிடுகின்றது. ஈழத்து வரலாற்று நூலும் விகாரங்கள் கொள்ளையிடப்பட்டதைக் கூறும். சிறைப்பட்ட ஐந்தாம் மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டிலிருந்து, 1029-இல் அங்கேயே உயிர் நீத்தான். பகைவர் கூற்றில் மிகை இருத்தல் கூடும். எனினும் அதனை மறைப்பது சரித்திரம் கற்போர்க்கு அழகன்று.

இனி மறுபக்கத்தையும் காண்போம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளிப்பதாக வாக்களித்திருந்தான். அவ்விகாரத்தை எடுப்பித்தோர் ஸ்ரீவிஜய அரசர். அதன் சமயமோ பௌத்தம். தந்தை மறைந்த பின்னர், சைவனாகிய இராஜேந்திரன் அவ்வறத்தை என்றும் நிலைக்குமாறு செப்பேட்டில் பொறிப்பித்தான். பிறிதொரு சமயத்தார்க்குத் தந்தை ஈந்த சொல்லை மைந்தன் காத்தது, களத்தில் பெற்ற வெற்றியினும் சிறந்ததென்பது எமது துணிபு.

மாணவராகிய நமக்கு இவன் மற்றொரு வகையிலும் உரியவன். இவன் காலத்தில் எண்ணாயிரத்தில் நிகழ்ந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் உணவும் ஊதியமும் அளிக்க நிலங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனினும், எல்லா வகுப்பார்க்கும் அக்கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

கங்கை வெற்றிக்கு அறிகுறியாக இவன் அமைத்தது சோழகங்கம் என்னும் பேரேரி. தோல்வியுற்ற மன்னர் சுமந்து வந்த கங்கை நீரைக் கொண்டு, நீராலேயே வெற்றித் தூண் நாட்டினான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் கருத்து. வானம் பார்த்த அப்பூமியில், கற்றூண் நாட்டியிருப்பின் அது கண்ணுக்கு மட்டுமே விருந்தாகியிருக்கும். ஏரியோ உழவனது வயிற்றுக்கும் விருந்தாயிற்று.

இராஜேந்திரன் 1044-இல் மறைந்தான். அவன் மரபினர் 1279 வரை அந்நகரிலிருந்து ஆண்டனர். இன்று அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்களே எஞ்சியுள்ளன. கோயிலின் மதிற்கற்களும் 1836-இல் கொள்ளிடத்தின் கீழணை கட்டுதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. பெருங்கோயில் மட்டும் நிமிர்ந்து நிற்க, ஏரியும் பொன்னேரி என்னும் பெயரோடு நிலைத்துள்ளது.

வாளால் பெற்ற கடாரம் நெடுநாள் நிற்கவில்லை. வாக்கைக் காத்த செப்பேடும், நீரைக் காத்த கரையும் நின்றன. நண்பர்களே, ஆற்றலை நாடுங்கால், அஃது எதனைக் காத்தற்கு என்னும் வினாவையும் உடன் வினவுவோமாக.