திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வும் நம் வகுப்பறையும்

தன் முன்னோரை அறியாத சமுதாயத்தின் பிள்ளைகள், பிறர் எழுதிய வரலாற்று நூலில் தம்மைத் தேடிக் காணாமல் திகைப்பர். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெரியாரின் வாழ்வை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றேன். அவர்தாம் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். அவர் பள்ளியில் பயின்ற காலத்தில் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் ஆதலால், நான் அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

சீனிவாசனார் 1859-ஆம் ஆண்டு, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயர் இரட்டைமலை. சாதிக் கொடுமையும் வறுமையும் அக்குடும்பத்தைச் சொந்த ஊரில் வாழவிடவில்லை. தஞ்சைக்கும், பின்னர்க் கோயம்புத்தூருக்கும் அவர்கள் குடிபெயர்ந்தனர்.

கோயம்புத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தாம் இன்ன குலத்தவர், இன்ன இடத்தில் குடியிருப்பவர் என்பது உடன் பயில்வோர்க்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்னும் அச்சம் அச்சிறுவரை ஓயாது வாட்டியது. ஆகவே அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை, விளையாடவும் இல்லை. காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், வேறு மாணவர் உடன் வந்துவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். 1939-இல் வெளியான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தம் வரலாற்று நூலில் அவரே இதனைக் குறித்துள்ளார். எண்பது வயதை எட்டிய நிலையிலும், பட்டங்கள் பல பெற்ற பின்னரும், விளையாடாமற் போன அப்பள்ளி நாட்களை அவர் மறக்கவில்லை என்பது நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

பெயரையே கொடியாக்கியவர்

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர் முறை. அவருடைய சகோதரியை மணந்தவர். 1890-இல் சீனிவாசனார் சென்னைக்கு வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஊர் ஊராகச் சென்று நேரில் ஆராய்ந்தார். கல்வெட்டுகளையும் பழைய நூல்களையும் கொண்டு, இம்மக்கள் தொடக்க முதலே தாழ்ந்தவராய் இருந்தாரல்லர் என்று நிறுவ முனைந்தார். பறையர் மகாஜன சபையை அமைத்தார்.

1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. திங்கள் இதழாகத் தொடங்கி, சில மாதங்களில் வார இதழாக வளர்ந்து, 1900 வரை ஏழாண்டுகள் அது நடைபெற்றது. அப்பெயரை விடுத்து வேறு பெயர் சூட்டலாகாதா என்று நம்மவரே அவரிடம் கேட்டதுண்டு. தன் பெயரைச் சொல்லக் கூசுபவன் தன் உரிமையைக் கேட்கவும் கூசுவான் என்பது அவர் கருத்து. தம் தெருவைச் சொல்ல அஞ்சி ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்த சிறுவர், முப்பத்து நான்காம் வயதில் அதே பெயரை அச்செழுத்தில் கோத்துச் சென்னை மாநகரத் தெருக்களில் விற்கச் செய்தார்.

இளைஞர்கள் இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இழிவுபடுத்தும் நோக்குடன் பிறர் அச்சொல்லைப் பயன்படுத்துதல் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். சீனிவாசனார் கையில் அது தன்மானக் கொடியாக விளங்கியது. சொல் ஒன்றே, சொல்வோர் நோக்கமும் இடமும் வேறு. 1922-இல் எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற்றது. இருவரும் வேறு வேறு வழி சென்றாலும், நம் பெயரை நாமே தேர்ந்துகொள்வோம் என்பதில் ஒன்றுபட்டு நின்றனர்.

அக்காலத்தில் இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவது போலவே இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கோரினர். அவ்வாறு நடப்பின் உயர் பதவிகளனைத்தும் உயர் சாதியார் கைக்கே சென்று, ஏழை எளியவர்க்கு நீதி கிட்டாது என்று சீனிவாசனார் அஞ்சினார். 1893 டிசம்பர் 23-இல் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையொப்பத்துடன், 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்குச் சென்றது. அவர் நிலைப்பாட்டை இன்று ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு மக்கட் கூட்டம் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டியது என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

கடல் கடந்த நாட்கள்

1900-க்குப் பின் சீனிவாசனார் அயல்நாடு சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து, 1921 அளவில் தாயகம் திரும்பினார். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பல்லாயிரவர் வாழ்ந்த நாடு அது. அங்கே வெள்ளையர் நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்தனர். இரயில் பெட்டியில், நடைபாதையில், குடியிருப்பில், பள்ளியில் என எங்கும் அப்பிரிவினை இருந்தது.

நிறவெறி கண்ணால் கண்டு ஒதுக்குவது. சாதியோ கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆகையால் அது கேள்வி கேட்டு அறிந்து ஒதுக்குகின்றது. எந்த ஊர், எந்தத் தெரு, தகப்பனார் யார் என்று விசாரிக்கின்றது. ஒன்று தோலைப் பார்க்கிறது. மற்றொன்று முகவரியைக் கேட்கிறது. இரண்டும் பிறப்பால் மனிதரைத் தாழ்த்துவனவே. வெளிநாட்டில் நிறவெறியை எதிர்த்தோர் அனைவரும் உள்நாட்டுச் சாதிக் கொடுமையையும் அதே சினத்துடன் எதிர்த்தாரல்லர். இரண்டையும் தம் வாழ்விலேயே கண்ட சீனிவாசனார், ஊர் திரும்பியதும் சாதியைத்தான் எதிர்த்து நின்றார்.

சட்டமன்றமும் வட்டமேசையும்

1923-இல் அவர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமனம் பெற்றார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் முதலியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் அவர் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. தெருவில் நடப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது.

1930-லும் 1931-லும் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாகக் கலந்துகொண்டனர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்னவென்று வினவியபோது, கீழ்ச்சாதி எனப்படுபவன் தெருவில் விழுந்து கிடந்தால் மேல்சாதியான் தூக்கிவிடமாட்டான் என்று அவர் விளக்கினார். கேட்ட மன்னர் திடுக்கிட்டார் என்று அவர் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். 1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையொப்பம் உண்டு. மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோர்க்கு 148 இடங்கள் அதனால் ஒதுக்கப்பெற்றன. சென்னை மாகாணத்திற்கு உரியவை 30.

மதமாற்றம் பற்றிய வினாவில் அவர் அண்ணலுடன் கருத்து வேறுபட்டார். நாம் இந்து வருணங்களுக்கு வெளியே நிற்பவர்களாதலின் மதம் மாறவேண்டிய தேவையில்லை என்பது அவர் வாதம். தலைவர்கள் கருத்து வேறுபடுவதும், வேறுபட்டும் மதிப்போடு இருப்பதும் நம் வரலாற்றின் பகுதியே. 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் பட்டங்களை அரசு அவருக்கு வழங்கியது. 1945 செப்டம்பர் 18-இல் அவர் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது.

வகுப்பறையில் ஒரு வரலாறு

2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில், தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைக் கூறும் பாடத்தில் சீனிவாசனார் இடம்பெற்றார். அயோத்திதாசரும் எம். சி. ராஜாவும் அப்பாடத்தில் உள்ளனர். என் தலைமுறை மாணவர் பெறாத பேறு இது. ஆயின் அப்பக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் எவ்வாறு நடத்துகிறோம் என்பதே வினா.

என் தவற்றையே முதலில் கூறுகின்றேன். அப்பாடத்தை முதன்முறை நடத்தியபோது, இதழின் பெயரைப் படித்ததும் பின் இருக்கையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒரு மாணவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் அதைக் கண்டும் காணாதவனாய், இது இரண்டு மதிப்பெண் வினாவுக்கு வரும் என்று கூறிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அம்மாணவனின் கவிழ்ந்த தலைக்கு அச்சிரிப்பைவிட என் அவசரமே பெரிய காரணம் என்று உணர்ந்தேன்.

மறு ஆண்டு பாடத்தைக் கோயம்புத்தூர்ப் பள்ளி வாசலிலிருந்து தொடங்கினேன். விளையாடப் பயந்த ஒரு சிறுவன், மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் என்ன தவறு செய்தான் ஐயா என்று ஒரு மாணவி கேட்டாள். அவன் தவறு செய்யவில்லை, அவனை அஞ்ச வைத்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள் என்றேன். அதன்பின் இதழின் பெயரைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது. அனைத்தும் மாறிவிட்டது என்று நான் கூறவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளையிடம் எந்தத் தெரு என்று கேட்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை.

நம் தருமபுரி மாவட்டத்திற்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2012 நவம்பர் 7-ஆம் நாள் நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் போயின. பிள்ளைகளின் பாடநூல்களும் சான்றிதழ்களும் அத்தீயில் கருகின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். அதனையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீங்க வேண்டும், வண்ணக் கயிறுகளை மாணவர் அணிதல் தடுக்கப்பட வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. கயிற்றை அறுக்க ஆணை போதும். அதைக் கட்டத் தூண்டிய எண்ணத்தை அறுக்க வரலாற்றுக் கல்வி வேண்டும்.

அமெரிக்க நாட்டில் கறுப்பின அறிஞர் கார்ட்டர் உட்சன், தம் மக்களின் வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க 1926-இல் ஒரு வாரத்தை ஒதுக்கினார். பிற்காலத்தில் அது ஒரு மாதமாக வளர்ந்தது. நம் சங்கமும் ஆண்டுதோறும் சீனிவாசனார் நினைவு நாளில், மாலை நேர வகுப்புகளில் ஒரு மணி நேரத்தை முன்னோர் வரலாற்றுக்கு ஒதுக்கலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். அவ்வகுப்புக்கு ஊர்ப் பிள்ளைகளையும் அழையுங்கள். அடக்கப்பட்டவன் பிள்ளை இவ்வரலாற்றைக் கற்றால் தலை நிமிர்வான். மற்றவன் பிள்ளை கற்றால் அவன் கேட்கும் கேள்வி மாறும். ஒருவர் மட்டும் கற்றால் பாதிப் பாடமே நடந்ததாகும்.

அன்பார்ந்த இளைஞர்களே! கோயம்புத்தூரில் அச்சிறுவருடன் சேர்ந்து நடக்க அன்று ஒருவரும் இல்லை. இன்று நம் ஊர்ப் பள்ளிகளில் மணி அடிக்கும்வரை வெளியே தனித்து நிற்கும் பிள்ளை எவரேனும் உண்டா என்று பாருங்கள். இருப்பின், அப்பிள்ளையின் தோளில் கையிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள். சீனிவாசனாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.

வாழ்க சங்கம்! வளர்க அதன் கல்விப் பணி!