பலூனிலிருந்து பாய்ந்த முதல் இந்தியர்: ராமச்சந்திர சாட்டர்ஜி

மலாக்கா பண்டார் ஹிலிரில் இருக்கும் தாமிங் சாரி கோபுரத்தில் ஏறியவர்களுக்கு 80 மீட்டர் உயரம் எப்படி இருக்கும் என்று தெரியும். கீழே நிற்கும் கார்கள் பொம்மைகளாகத் தெரியும். கண்ணாடிக்கு உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருந்தாலும் அடிவயிறு ஒரு கணம் கூசும். அதைவிடப் பல மடங்கு உயரத்தில், கூடை கூட இல்லாத ஒரு பலூனில் தொங்கிக்கொண்டு சென்று, கையில் பிடித்த வான்குடை ஒன்றை மட்டுமே நம்பி வெற்றுவெளியில் பாய்ந்தார் ஓர் இந்தியர். ஆண்டு 1890. ரைட் சகோதரர்களின் விமானம் பறக்க இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் கன்றுகளை நட இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

அந்த மனிதரின் பெயர் ராமச்சந்திர சாட்டர்ஜி. தனியாகப் பலூனில் பறந்த முதல் இந்தியரும், வான்குடையில் குதித்த முதல் இந்தியரும் அவரே.

சர்க்கஸ் கூடாரத்திலிருந்து

சாட்டர்ஜி கல்கத்தாவைச் சேர்ந்த வங்காளி. உடற்பயிற்சியில் தேர்ந்தவர். உயரத்தில் கட்டிய ஊஞ்சலில் பாய்ந்து பாய்ந்து வித்தை காட்டும் சர்க்கஸ் கலைஞர். இந்தத் தொழிலை அவர் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் அக்காலத்து வங்காளத்தின் ஒரு மனக்காயமும் இருந்தது.

வங்காளிகள் படிப்பாளிகள், ஆனால் உடல் வலுவும் துணிவும் இல்லாதவர்கள் என்று ஆங்கிலேய ஆட்சியாளர்கள் பலர் எழுதியும் பேசியும் வந்தனர். மெக்காலே பிரபு போன்ற பெயர்பெற்ற எழுத்தாளரே அப்படி எழுதியிருந்தார். பள்ளியில் படித்த இளைஞர்களை இந்த ஏளனம் மிகவும் உறுத்தியது. அதற்குப் பதிலாக ஊர்தோறும் மல்யுத்தக் களங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் தோன்றின. 1867இல் இந்து மேளாவைத் தொடங்கிய நவகோபால் மித்ரா உடற்பயிற்சியை நாட்டுப்பற்றின் ஒரு பகுதியாகவே கருதினார். அவரே பின்னர் நேஷனல் சர்க்கஸ் என்ற குழுவையும் நடத்தினார். அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் சாட்டர்ஜி.

எனவே, அவருக்குச் சர்க்கஸ் என்பது வயிற்றுப்பிழைப்பு மட்டுமன்று. நம்மாலும் முடியும் என்று காட்டும் மேடையும் அதுதான்.

வந்து சேர்ந்தார் ஸ்பென்சர்

1889ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்தார். பலூன் ஏறுவது அவருடைய குடும்பத் தொழில். அந்தக் குடும்பத்துக்கும் வான்குடைக்கும் இருந்த தொடர்பு சுவையானது, சற்றுத் துயரமானதும்கூட.

வான்குடையின் வரலாறு 1797இல் பாரிஸ் நகரில் சூடு பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஆந்திரே ஜாக் கார்னரின் பலூனில் ஏறி, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலிருந்து வான்குடையில் இறங்கினார். உயிர் பிழைத்தார். ஆனால் வழியெல்லாம் கடிகார ஊசல்போல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே வந்தார். துணிக்கு அடியில் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி ஒரு பக்கம் பீறிட்டுச் சென்றதே அதற்குக் காரணம். பின்னர் குடையின் உச்சியில் ஒரு துளை வைத்ததும் ஆட்டம் குறைந்தது.

இந்த ஆட்டத்தை வேறு வழியில் ஒழிக்க நினைத்தார் ராபர்ட் காக்கிங் என்ற 61 வயது ஆங்கிலேயர். குடையைத் தலைகீழாக, புனல் வடிவில் அமைத்தார். 1837 ஜூலை 24ஆம் நாள் இலண்டனில் அதில் குதித்தார். கனமான அந்த அமைப்பு காற்றின் அழுத்தம் தாங்காமல் நொறுங்க, அவர் இறந்தார். அன்று அவரை மேலே கொண்டு சென்ற பலூனில் இருந்த இருவரில் ஒருவர் எட்வர்ட் ஸ்பென்சர். அவருடைய பேரன்தான் கல்கத்தாவுக்கு வந்த பெர்சிவல்.

தாத்தா கண்ட விபத்துக்கும் பேரனின் காலத்துக்கும் இடையில் ஒரு முக்கிய மாற்றம் நடந்திருந்தது. 1887இல் தாமஸ் பால்ட்வின் என்ற அமெரிக்கர், சட்டமோ கம்பியோ இல்லாத, முழுக்க மெல்லிய துணியால் ஆன வான்குடையில் சான் பிரான்சிஸ்கோவில் குதித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு இலண்டனிலும் குதித்தார். அந்த முறையைப் பின்பற்றித்தான் பெர்சிவல் ஸ்பென்சர் உலகம் சுற்றப் புறப்பட்டார்.

மாணவரானார் வித்தைக்காரர்

ஸ்பென்சரின் காட்சிகளைக் காணக் கல்கத்தாவே திரண்டது. அந்தக் கூட்டத்தோடு நின்று வியந்துவிட்டு வீடு திரும்பச் சாட்டர்ஜிக்கு மனம் வரவில்லை. நேராக ஸ்பென்சரிடம் சென்று தமக்கும் கற்றுத் தருமாறு கேட்டார். கட்டணம் பெற்றுக்கொண்டு கற்பிக்க ஸ்பென்சர் இணங்கினார்.

ஆளும் இனத்தவர் ஒருவரும் ஆளப்படும் இனத்தவர் ஒருவரும் ஆசிரியரும் மாணவருமான அந்த உறவு நினைத்துப் பார்க்கத் தக்கது. வான்குடைத் தொழிலில் கற்பிப்பவர் ஒரு முடிச்சை மறைத்தால் கற்பவரின் உயிர் போகும். கற்பவர் கவனக்குறைவாக இருந்தால் கற்பித்தவரின் பெயர் கெடும். அங்கே நிறமும் பதவியும் பின்னால் போய்விடும். கயிறும் காற்றும் மட்டுமே முன்னால் நிற்கும்.

பலூனுக்குத் தேவை நிலக்கரி வாயு. கல்கத்தாவின் தெருவிளக்குகளுக்கு அந்த வாயுவை வழங்கியது ஓரியண்டல் கேஸ் கம்பெனி. நார்க்கேல்டாங்காவில் இருந்த அதன் திடலில்தான் பலூன் நிரப்பப்பட்டது. 1889 ஏப்ரல் 10ஆம் நாள் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக மேலே சென்றனர். மே 4ஆம் நாள் சாட்டர்ஜி தனியாகப் பறந்தார். ஒரு மாதத்துக்கும் குறைவான இடைவெளியில் பயணியாக இருந்தவர் பலூனை இயக்குபவராக மாறிவிட்டார்.

அதன் பின் தமக்கென்று ஒரு பலூனை வைத்துக்கொண்டு, தாம் பிறந்த நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1890 மார்ச் 22

பலூனில் பறந்தாயிற்று. ஆனால் குதிப்பது வேறு கலை. அக்கால வான்குடை இன்றைய வீரர்கள் முதுகில் சுமப்பதுபோல் பையில் மடித்து வைக்கப்படுவதில்லை. அது பலூனின் பக்கவாட்டில், மூடிய குடைபோல் நீளமாகத் தொங்கும். அதன் உச்சி மெல்லிய கயிறு ஒன்றால் பலூனோடு கட்டப்பட்டிருக்கும். கீழே எல்லாக் கயிறுகளும் ஒரு வளையத்தில் வந்து சேரும். குதிப்பவர் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு பாய்வார். அவருடைய எடை இழுத்ததும் மெல்லிய கயிறு அறுந்துவிடும். சில விநாடிகள் வெறும் வீழ்ச்சி. பிறகு காற்று உள்ளே புகுந்து துணியை விரிக்கும்.

ஆள் பிரிந்ததும் பலூன் என்ன ஆகும்? அதன் உச்சிப் பகுதியில் ஒரு கனம் கட்டப்பட்டிருக்கும். கீழே இழுத்துக்கொண்டிருந்த எடை போனதும் பலூன் தலைகீழாகப் புரளும். வாய் மேல்நோக்கித் திரும்பியதும் வாயு வெளியேறி, பலூன் தானாகக் கீழே விழும். இப்படி ஆளும் பலூனும் தனித்தனியே தரைக்கு வந்து சேர்வார்கள்.

சர்க்கஸ் ஊஞ்சலில் பழகிய கைகள் இங்கே சாட்டர்ஜிக்குத் துணை நின்றன. வளையத்தை விடாமல் பிடிக்க வலுவான விரல்கள் வேண்டும். கயிறு அறுந்து திடீரென விழும் கணத்தில் பதறாத மனம் வேண்டும். தரையைத் தொடும்போது முழங்காலை மடக்கி உருளத் தெரிந்திருக்க வேண்டும். இவை மூன்றையும் அவர் கூடாரத்தில் ஆண்டுக்கணக்கில் கற்றிருந்தார்.

1890 மார்ச் 22ஆம் நாள், கல்கத்தா டிவோலி தோட்டத்தில் கூடியிருந்த மக்களின் கண் முன்னே அவர் மேலே சென்றார். பலூனை விட்டுப் பாய்ந்தார். வான்குடை விரிய, பத்திரமாக இறங்கினார். இந்தியரால் இது ஆகாது என்று சொன்னவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களே பதிலாயின.

இதில் உள்ள இயற்பியல்

எஸ்.பி.எம். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். விழும் பொருளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. காற்று மேலே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஒரு கட்டத்தில் இரண்டு விசைகளும் சமமாகிவிடும்; அதன் பின் வேகம் கூடாது. கைகால்களை விரித்து விழும் மனிதருக்கு இந்த வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வான்குடை பரப்பளவைப் பல மடங்கு பெரிதாக்குவதால் அதுவே மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டராகக் குறைகிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமான மதிலிலிருந்து குதிப்பதற்கு இது சமம். வலிக்கும், ஆனால் உயிர் போகாது.

சிக்கல் எங்கே என்றால், அக்கால வட்டமான வான்குடையைத் திருப்ப முடியாது. காற்று எங்கே கொண்டு போகிறதோ அங்கேதான் இறங்க வேண்டும். அது நீர்நிலையாகவும் இருக்கலாம், மரமாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம்.

முடிவு

அதன் பின் சாட்டர்ஜி தம் பலூனோடு வட இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் சென்று காட்சி நடத்தினார். அது எளிதான வாழ்க்கை அன்று. போதிய வாயு கிடைக்காவிட்டால் பலூன் எழும்பாது. காற்று பலமாக வீசினால் காட்சியைத் தள்ளிவைக்க வேண்டும். பணம் கட்டி வந்த கூட்டமோ காத்திருக்க விரும்பாது.

1892ஆம் ஆண்டு இந்தத் தொழிலுக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. மார்ச் மாதம் டாக்காவில் நவாபின் விருந்தினராக வந்து குதித்த ஜானட் வான் டசெல் என்ற பெண் வீரரின் வான்குடை மரத்தில் சிக்கியது. மூங்கில்களைக் கட்டி அவரைக் கீழே இறக்க முயன்றபோது விழுந்து, பின்னர் இறந்தார். அதே ஆண்டு மலைப்பாங்கான இடமொன்றில் இறங்கிய சாட்டர்ஜி பலத்த காயமடைந்தார். அந்தக் காயத்திலிருந்து அவர் மீளவில்லை. ஆகஸ்டு மாதம் உயிர் நீத்தார். முதல் பறப்புக்கும் மரணத்துக்கும் இடையே இருந்தது மூன்று ஆண்டுகளும் சில மாதங்களுமே.

கோலாலம்பூர் கோபுரம் வரை

இன்று கட்டடம், அலைக்கம்பம், பாலம், மலைமுகடு ஆகிய நான்கிலிருந்தும் குதிக்கும் விளையாட்டைப் பேஸ் ஜம்பிங் என்கிறோம். 421 மீட்டர் உயரமுள்ள கோலாலம்பூர் கோபுரத்தில் முறையான அனுமதியோடு அதற்கெனப் போட்டிகள் நடந்துள்ளன. பல நாட்டு வீரர்கள் அதற்காகவே இங்கு வந்துள்ளனர். விமானத்திலிருந்து குதிப்பவருக்கு மாற்று வான்குடை ஒன்று உண்டு. கோபுரத்திலிருந்து குதிப்பவர் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே சுமக்கிறார். 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட எட்டு ஒன்பது விநாடிகளே ஆகும். முதலாவது விரியவில்லை என்று உணர்ந்து இரண்டாவதைத் தேட அங்கே நேரம் இல்லை. இந்த வகையில் இவர்கள் சாட்டர்ஜியின் நேர் வாரிசுகள்.

அதனால்தான் இவர்கள் வான்குடையை மடிப்பதில் மணிக்கணக்காகச் செலவிடுகிறார்கள். தோழரின் வாரையும் கொக்கியையும் ஒருமுறை சரிபார்க்காமல் குதிக்க விடமாட்டார்கள். காற்று சரியில்லை என்று ஒருவர் படியிறங்கித் திரும்பினால், மற்றவர்கள் அவரைக் கோழை என்று ஏசுவதில்லை. எப்போது குதிக்கக்கூடாது என்று அறிவதும் இந்தக் கலையில் ஒரு பாடம்.

சாட்டர்ஜி செய்தது வீரமா, வீண் விபரீதமா? வகுப்பில் இதை ஒரு விவாதத் தலைப்பாகவே வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. தெரிந்தவரைத் தேடிச் சென்று, கட்டணம் கட்டி, முதலில் ஆசிரியரோடும் பிறகு தனியாகவும் பறந்து, ஏறக்குறைய ஓராண்டு பழகிய பிறகே பாய்ந்தார். அனுமதியும் பயிற்சியும் இல்லாமல், காணொளிக்காகக் கூரையிலும் பாலத்திலும் ஏறுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

தோட்டப்புறப் பள்ளியில் படித்தாலும் பட்டணத்துக் கல்லூரியில் படித்தாலும், இது உங்களால் ஆகாது என்ற சொல்லை எல்லாரும் ஒருநாள் கேட்க நேரும். அந்தச் சொல்லுக்குச் சாட்டர்ஜி வாயால் பதில் சொல்லவில்லை. கற்றுத் தேர்ந்து செய்து காட்டினார்.