உப்பேரிக் கரையில் ஓர் உண்மை

இரசாயன வகுப்பில் ஆசிரியர் ஒரு சமன்பாட்டின் நடுவே எதிரெதிராக இரண்டு அம்புகளைப் போடுவார். நானும் அப்படியே எழுதிக்கொள்வேன். அதற்குமேல் அதைப் பற்றி நினைத்ததில்லை. முன்னே போகும் வினை பின்னேயும் திரும்பும் என்ற அந்தக் கருத்துக்காக ஒருவர் தமது முதுமைப் புகழின் பெரும் பகுதியை இழந்தார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பெயர் கிளாட் லூயி பெர்தொலே. அவருடைய கதையை நம் சங்க மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெர்தொலே 1748-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், சவாய் நாட்டில் அன்னெசி ஏரிக்கரையிலுள்ள தலுவார் என்னும் சிற்றூரில் பிறந்தார். டூரின் நகரில் வைத்தியம் கற்று, 1772-இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். வைத்தியம் அவருக்குச் சோறு போட்டது. இரசாயனமோ அவருடைய உள்ளத்தைக் கவர்ந்துகொண்டது. 1780-இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தில் இடம் பெற்றார். லவாய்சியரின் புதுக் கொள்கையை முதலில் ஐயுற்றவர், 1785-இல் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் துணியை வெளுப்பதென்றால் புல்வெளியில் விரித்து வாரக்கணக்கில் வெயிலில் கிடத்த வேண்டும். குளோரினைக் கொண்டு அதைச் சில மணி நேரத்திலேயே முடிக்கலாம் என்று காட்டியவர் பெர்தொலேதான். அதற்குத் தனியுரிமை வாங்கியிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். அவரோ பாரிஸுக்கு வந்த ஜேம்ஸ் வாட்டுக்கு அந்த முறையை ஒளிவுமறைவின்றிச் செய்து காட்டினார்.

1798-இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது, போர்வீரர்களுடன் ஏறத்தாழ 150 அறிஞர்களும் கப்பலேறினார்கள். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த பெர்தொலே அவர்களுள் ஒருவர். கெய்ரோவுக்கு வடமேற்கே, பாலைவனத்தில், நாட்ரான் பள்ளத்தாக்கு இருக்கிறது. பண்டை எகிப்தியர் பிணங்களைப் பதப்படுத்த உதவிய சோடா உப்பு கிடைத்த இடம் அது. அங்குள்ள உப்பேரிகளின் கரையில் உவர் பூத்ததுபோல் சோடா படிந்து கிடப்பதை அவர் கண்டார்.

இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். சோடாக் கரைசலையும் கால்சியம் குளோரைடுக் கரைசலையும் ஒரு குழாயில் கலந்து பாருங்கள். கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருள், வெண்ணிறமாக வீழ்படிகிறது. சமையலுப்பு கரைசலில் நிற்கிறது. வினை முடிந்துவிட்டது என்போம். அக்கால இரசாயனிகளும் அப்படித்தான் சொன்னார்கள். எந்தப் பொருளுக்கு எதனோடு நாட்டம் மிகுதி என்று அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். நாட்டம் மிகுந்தது எப்போதும் வெல்லும். தோற்றது திரும்பி வராது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஏரிக்கரையில் நடந்ததோ நேர் எதிர்! அங்கே உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடாவை உண்டாக்கியிருந்தன.

இதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு பெர்தொலே கெய்ரோவுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஏரியில் உப்பு அளவிறந்து கிடக்கிறது. உண்டாகும் சோடா கரையில் பூத்து விலகுகிறது. ஈரத்தை இழுக்கும் கால்சியம் குளோரைடு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே வினையின் திசையை நாட்டம் மட்டும் முடிவு செய்வதில்லை, பொருள்களின் அளவும் முடிவு செய்கிறது என்று அவர் கண்டார். வடமிழுக்கும் போட்டியில் ஒரு பலசாலியைப் பத்துச் சாமானியர் சேர்ந்து இழுத்துவிடுவதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும். 1799-இல் கெய்ரோவில் இருந்த எகிப்தியக் கழகத்தில் இதை எடுத்துரைத்தார். 1803-இல் இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலாக விரித்தெழுதினார்.

இங்கேதான் அவர் ஓர் அடி அதிகம் வைத்துவிட்டார். அளவு வினையின் திசையை மாற்றுமானால், உண்டாகும் சேர்மத்தின் அமைப்பையும் மாற்ற வேண்டும் என்று கருதினார். ஸ்பெயினில் இருந்த புரூஸ்ட் இதை மறுத்தார். செம்புக் கார்பனேட்டை மண்ணிலிருந்து எடுத்தாலும், ஆய்வுக்கூடத்தில் செய்தாலும், அதன் பகுதிகளின் விகிதம் ஒன்றே என்று நிறுத்துக் காட்டினார். பெர்தொலே சான்றாகக் காட்டிய பொருள்களிற் பல வெறும் கலவைகள் என்றும் மெய்ப்பித்தார். ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்த வாதத்தில் இருவரும் கண்ணியம் தவறவில்லை. 1808-இல் டால்டனின் அணுக்கொள்கை நூலாக வெளிவந்தது. வெற்றி புரூஸ்டுக்கே சென்றது.

வெற்றி நியாயமானதுதான். ஆனால் உலகம் பதரைத் தூற்றும்போது நெல்லையும் சேர்த்துக் காற்றில் விட்டுவிட்டது. சேர்மத்தைப் பற்றி அவர் சொன்னது தவறு என்றதும், வினையைப் பற்றி அவர் சொன்ன உண்மையையும் மிகச் சிலரே பொருட்படுத்தினார்கள்.

பெர்தொலே மனம் கசந்து போகவில்லை. பாரிஸுக்கு அருகே ஆர்க்கேயில் இருந்த தம் வீட்டில் ஆய்வுக்கூடம் அமைத்து இளைஞர்களை வளர்த்தார். அவர்களுள் ஒருவர் கே-லுசாக். வாயுக்கள் எளிய, மாறாத விகிதங்களில் சேர்கின்றன என்ற அவரது விதி, ஆசிரியரின் கருத்துக்கு அனுகூலமானதன்று. அந்தக் கட்டுரை 1809-இல் ஆர்க்கே சங்கத்தின் வெளியீட்டிலேயே அச்சாயிற்று. பெர்தொலேயின் பெருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1822 நவம்பர் 6-ஆம் நாள் ஆர்க்கேயில் அவர் காலமானார்.

1864-இல் நார்வே நாட்டினரான குல்ட்பெர்க், வாகே என்ற மைத்துனர்கள் இருவர் அளவின் ஆற்றலை விதியாக வகுத்தார்கள். 1884-இல் வான்ட் ஹாஃப் அந்த இரட்டை அம்பை வரைந்தார். பெர்தொலே சமநிலையை அசையாது நிற்கும் தராசாக எண்ணினார். இரு வினைகளும் ஒரே வேகத்தில் ஓயாது நடக்கின்றன என்பதை இன்று அறிவோம். இரும்பின் ஓர் ஆக்சைடைப் போல விகிதம் சற்றே பிறழும் திண்மங்களும் பின்னர் அறியப்பட்டன. அவற்றுக்குப் பெர்தொலைடுகள் என்று அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

எதிர்பார்த்த விடை வராவிட்டால், சோதனைக் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டுப் புத்தகத்திலுள்ள எண்ணை எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்பொழுது அடிக்கக் கை நீளும்போது அந்த உப்பேரிக்கரை நினைவுக்கு வருகிறது. எண்ணை அப்படியே விட்டுவைத்து, ஏன் இப்படி வந்தது என்று பக்கத்தில் எழுதப் பழகிவருகிறேன். மதிப்பெண் சற்றுக் குறையத்தான் செய்கிறது. குறைந்தால் குறையட்டும்!