இயேசுவின் போதனையில் பொருளாதாரம் கண்ட ஜே.சி. குமரப்பா

வாரத்தில் ஒரு நாள் ஆலயத்தில் கேட்கும் போதனைக்கும் மற்ற நாள்களில் நாம் செய்யும் தொழிலுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாகத் தந்தவர் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் கணக்காய்வாளராக நல்ல வருமானத்தோடு வாழ்ந்தார். பின்னர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளிவந்தது. அதுவே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுப் பொருளாகவும் ஆனது. ஆங்கிலேய ஆட்சி மக்களின் வரிப்பணத்தை எப்படிச் செலவிடுகிறது என்று ஆராய்ந்தபோது, வறுமை விதியால் வந்ததல்ல, மனிதரால் உண்டாக்கப்பட்டது என்பதை உணர்ந்தார்.

1929இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டுமாக வந்தவர் பின்னர் கதருக்கு மாறினார். 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் எளிமையாக வாழ்ந்தார்.

பொதுப்பணத்தில் அவர் காட்டிய கண்டிப்பு பெயர் பெற்றது. 1934 பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியில் கணக்கு வழக்குகளைக் கவனித்தார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என வரையறுத்திருந்தார். காந்தி தம் குழுவினருடன் வந்தபோதும், அவர்களின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர மறுத்துவிட்டார்.

வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. அவருக்கு இவை இரண்டும் வேறு வேறு அல்ல. பிற உயிரைக் கொன்று வாழும் புலி, கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ, பலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை என இயற்கையிலிருந்தே பொருளாதார நிலைகளை விளக்கினார். தாய்ப்பறவையின் சேவையே அவற்றுள் உயர்ந்தது என்றார். சுரண்டலால் உருவான பொருளை வாங்குபவருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு என்பது அவர் கருத்து. ஈட்டிய பிறகு தர்மம் செய்தால் போதாது, ஈட்டும் வழியும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமையேற்றார். இடைத்தரகர்களை நீக்கி உழுபவருக்கே நிலம் கிடைக்க வேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும், சிறு நிலங்களைக் கூட்டுறவு முறையில் பயிரிட வேண்டும் என்று 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. அவை முழுமையாக நிறைவேறவில்லை. இறுதிக் காலத்தில் மதுரை அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கியிருந்தார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தி மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

அதே 1960இல்தான் நம் நாட்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்கள் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கி, அவற்றுக்குப் பங்குதாரர்களாயினர். இது குமரப்பாவைப் பின்பற்றி நடந்ததல்ல. ஆனாலும் உழைப்பவருக்கு உடைமையில் பங்கு வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள்ளன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கணக்கியலும் வணிகமும் படிக்கிறார்கள். இலாபத்தைக் கணக்கிடக் கற்கும் அவர்கள், அது யாருடைய உழைப்பிலிருந்து வந்தது, யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதையும் கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட கணக்காய்வாளர்தான் குமரப்பா.