வாக்குப் பெட்டியின் முன் காமராசர்

காமராசர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலை செய்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார். முதலமைச்சராக அவர் பள்ளிகளைத் திறந்ததையும் மதிய உணவு வழங்கியதையும் பலரும் அறிவர். தேர்தல்களை அவர் எதிர்கொண்ட விதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்கு அவர் போட்டியிட்டார். கோவையைச் சேர்ந்த சி. பி. சுப்பையா எதிர்த்து நின்றார். சுப்பையாவை இராஜாஜியும், காமராசரைச் சத்தியமூர்த்தியும் ஆதரித்தனர். காமராசருக்கு 103 வாக்குகளும் சுப்பையாவுக்கு 100 வாக்குகளும் கிடைத்தன. இருவர் மட்டும் மனம் மாறியிருந்தால் முடிவே வேறாகியிருக்கும்! காமராசரின் அரசியல் குருவான சத்தியமூர்த்தி, தம் மாணவரின் தலைமையின்கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார்.

1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் 93 வாக்குகள் பெற்றார், சி. சுப்பிரமணியம் 41 வாக்குகள் பெற்றார். தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். இராஜாஜி 1952இல் செய்ததுபோல, நியமனம் பெற்று மேலவைக்குள் நுழைவது எளிய வழி. காமராசரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களின் வாக்குகளைப் பெற்றே அவைக்குள் வந்தார்.

1967ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். நேருவுக்குப் பின்னும் சாஸ்திரிக்குப் பின்னும் பிரதமர் தேர்வை முன்னின்று நடத்தியவர். அவர் நின்ற தொகுதி, அன்னை சிவகாமி அம்மாள் வாழ்ந்துகொண்டிருந்த விருதுநகர். எதிர்த்து நின்றவர், தி.மு.க.வைச் சேர்ந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். அரிசித் தட்டுப்பாட்டால் மக்கள் வாடியிருந்தனர். 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தின் சினமும் இளைஞரிடம் தணியவில்லை. இந்த இரண்டையும் பெருந்தலைவரின் பெயரொன்றே வென்றுவிடும் எனக் கட்சியினர் நம்பியது தவறான கணக்கு. சீனிவாசன் 33,421 வாக்குகளும் காமராசர் 32,136 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 1,285 வாக்குகள். பிறந்த ஊரே அவரைத் தோற்கடித்தது. மாநிலத்தில் ஆட்சியும் காங்கிரஸின் கையை விட்டுப் போயிற்று. காமராசர் யாரையும் பழிக்காமல் அம்முடிவை ஏற்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் மற்றொரு வாய்ப்பு வந்தது. மார்ஷல் நேசமணியின் மறைவால் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் 1969இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. சொந்த ஊர் அல்லாத அங்கே காமராசர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். அதே ஆண்டில் காங்கிரஸ் பிளவுபட்டது. 1971 மக்களவைத் தேர்தலில் அவர் சார்ந்த பிரிவு, தமிழ்நாட்டில் ஒரே ஒரு தொகுதியில்தான் வென்றது. அது அவர் நின்ற நாகர்கோவில். 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தபோதும் அவர் அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.