மரநிழலிற் பள்ளி கண்ட கவியரசர்

இரவீந்திரநாத தாகூர் பெருங்கவியென்பதையும், 1913ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவரென்பதையும் அறியாதார் எம்முள் இலர். சிறுவர்க்கு மரங்களைப் பழக்கிய ஆசிரியராக அவரை நினைப்போர் சிலரே. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். செல்வக் குடியிற் பிறந்தும் இளமையில் வேலையாட்களின் காவலிலேயே வளர்ந்தார். பணியாளன் ஒருவன் அவரை ஓரறையில் இருத்தி, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டங் கீறிவிட்டு அகன்றுவிடுவான். வட்டத்தைத் தாண்ட அஞ்சிய சிறுவனுக்குச் சாளரத்தின் கீழிருந்த குளமும் அதன் அருகே நின்ற ஆலமரமுமே உலகம். விறாந்தையின் மூலைப் புழுதியில், நாம் அன்னமுன்னா என வழங்கும் பழத்தின் விதையை நட்டு நாடோறும் நீர் வார்த்து, அது முளைக்குமோ என்று வியந்து நின்றவர் அவர். பாடசாலைகள் பலவற்றிற் சேர்ந்தும் எதிலும் மனம் பொருந்தவில்லை.

தந்தையார் தேவேந்திரநாதர் 1863இல் வீரபூம் மாவட்டத்தில் ஏழிலைப்பாலை மரங்கள் நின்ற வெட்டவெளி நிலமொன்றைப் பெற்றிருந்தார். அதுவே சாந்திநிகேதனம் ஆயிற்று. அங்கே 1901ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம் நாள் மாணவர் ஐவருடன் தாகூர் பள்ளியைத் தொடங்கினார். செலவுக்கு மனைவியார் மிருணாளினி தம் நகைகளை ஈந்தார். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் மறைந்தார்.

பிள்ளைகள் தத்தம் ஆசனத்தைத் தாமே கொணர்ந்து, மாமரத்தின் கீழும் மகிழமரத்தின் கீழும் விரித்து அமர்வர். மழை வந்தால் மட்டுமே கூரையை நாடுவர். சால மரம் தளிர்ப்பதையும் மாம்பூ உதிர்வதையும் பாடத்தினிடையே கண்டனர். நாமோ எம் இளமையில் இலையின் பாகங்களைக் கரும்பலகைப் படம் பார்த்து வரைந்தோம். சன்னலுக்கு வெளியே வேம்பு நின்றது, அதனைச் சுட்டிக் காட்டுவார் இருந்திலர். சாந்திநிகேதனத்து ஆசிரியருள் தேசேசு சந்திர சேனர் என்பார், உயிருள்ள பனையொன்றைச் சுற்றிக் கட்டிய மண்குடிசையில் வாழ்ந்தார். அம்மரத்தை வெட்டாது கூரையை ஊடறுத்து எழவிட்டனர். பனைநாட்டாராகிய எமக்கே இது தோன்றவில்லை!

கவியரசரின் இளைய மைந்தன் சமீந்திரநாதன், 1907ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தோழருடன் கூடி அங்கே பருவவிழா ஒன்றை நடத்தினான். அவ்வாண்டு நவம்பரில் வாந்திபேதி அவனைக் கொண்டுபோயிற்று, வயது பதினொன்று. தந்தை பள்ளியைக் கைவிட்டாரல்லர். மகன் தொடங்கிய பருவவிழாக்களை மேலும் பெருக்கினார். 1928ஆம் ஆண்டு சூலை மாதம் மரநடுகை விழாவை ஏற்படுத்தினார். ஐம்பூதங்களாக வேடம் பூண்ட சிறுவர் சூழ, மணமகளைப் போல் மரக்கன்று ஊர்வலமாக வந்தது. மரங்களை உறவாகக் கொண்ட சிறுவன் ஒருவனைப் பற்றிய கதையையும் அவர் அவ்விழாவுக்கென எழுதினார். இலவமரம் ஒன்று வெட்டுண்ணும் அக்கதையைப் படித்தபின் கோடரி எடுக்கக் கை கூசும்.

அவர் 1934ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது, மே மாதம் 20ஆம் நாள் ஒறணையிலே சிறீபாலி என்னும் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். அதுவும் சாந்திநிகேதனத்தைப் பின்பற்றி எழுந்ததே. அப்பயணத்திலே யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றார்.

1941ஆம் ஆண்டு ஆகத்து 7ஆம் நாள் கவியரசர் மறைந்தார். வங்காளக் கணக்கில் அது சிராவணத்தின் 22ஆம் நாள். அவர் மறைவுக்குப்பின் மரநடுகை விழா அந்நாளுக்கே மாற்றப்பட்டது.