அகதா கிறிஸ்டி: சொல்லாமல் சொன்னவர்

துப்பறியும் புதின உலகின் பேரரசி எனப் போற்றப்பெறும் அகதா கிறிஸ்டி, இங்கிலாந்தின் டார்க்கி நகரில் 1890 செப்டம்பர் 15 அன்று பிறந்தார். பதினோராம் அகவையில் தந்தையை இழந்தார். முதல் உலகப் போரின்போது செவிலியராகவும், பின்னர் மருந்தகத்திலும் தொண்டாற்றினார். நஞ்சுகள் பற்றி அங்குப் பெற்ற அறிவே 1920இல் வெளிவந்த முதற்புதினத்திற்கு வித்தாயிற்று. 1926இல் தாயின் மறைவும் கணவரின் மனமாற்றமும் அவரை வாட்டின. பதினொரு நாள்கள் காணாமற்போய் மீண்டார். 1928இல் மணமுறிவு பெற்றார். 1930இல் தொல்லியலறிஞர் மாக்ஸ் மல்லோவனை மணந்தார்.

அதே 1928இல், பெண்ணுக்குப் பெண்மீது எழும் காதலைப் பேசிய ராட்கிளிஃப் ஹாலின் புதினத்தை இலண்டன் நீதிமன்றம் ஆபாசமெனத் தீர்த்து, அழிக்க ஆணையிட்டது. வெளிப்படச் சொல்லின் நூலே அழியும் நிலை. இச்சூழலில் எழுதிய அகதாவின் படைப்புகளில் அக்காதல் உள்ளுறையாகவே அமைந்திருக்கக் காண்கிறோம்.

1950இல் வெளிவந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' புதினத்தில் ஹிஞ்ச்கிளிஃப், மர்கட்ராய்டு என்னும் இரு பெண்கள் ஒரே குடிலில் பன்றியும் கோழியும் வளர்த்து வாழ்கின்றனர். ஊரார் எவரும் வினா எழுப்புவதில்லை. மர்கட்ராய்டு கொலையுண்டபோது மற்றவர் அடையும் துயரும் சினமும் இழந்த துணைக்கானவை என்பதை நாம் எளிதில் உணர்கிறோம். 1971இல் வந்த 'நெமிசிஸ்' புதினத்திலோ, தான் வளர்த்த பெண்மீது ஒருத்தி கொண்ட அளவிறந்த பற்றே கொலைக்குக் காரணமாகிறது. முன்னதில் அன்பு துணையாகிறது. பின்னதில் உடைமை வேட்கையாகிறது.

அகதா 1976 சனவரி 12 அன்று மறைந்தார். பின்னாளில், அவர் குறிப்பாற் சொன்னதைத் திரை வெளிப்படுத்தியது. 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம் அவ்விரு பெண்களையும் காதலராகவே காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி' படமோ, மூலத்தில் ஆணும் பெண்ணுமாக இருந்த கொலைகாரர்களை இரு பெண் காதலராக மாற்றியது. உள்ளதை வெளிப்படுத்துவது ஒன்று; இல்லாததைப் புகுத்துவது வேறொன்று. புதிதாகப் புகுத்திய காதலைக் குற்றத்தோடு பிணைத்தது நமக்கு நெருடலாகவே தோன்றுகிறது.

அகதாவோ குடிலில் வாழ்ந்த அவ்விருவருக்கும் பெயரொன்றும் சூட்டவில்லை, பழியும் சுமத்தவில்லை. அயலார்போல் அவர்களையும் ஊருக்குள் வாழவைத்தார். அவர்தம் புதினங்களைக் கொலையாளி யார் என்னும் ஆவலோடு படிக்கும் நாம், யாருக்காக யார் அழுகின்றார் என்பதையும் நோக்கிப் படித்தல் நன்றாம்.